மழை நாளில் விறகுப் போறணையில் பாண் சுடுதல்

ஜூன் மாதத்தில், இலங்கை மலைநாட்டின் வட்டவளைப் பக்கமோ கினிகத்தேனைப் பக்கமோ வீட்டுக்குப் பின்னால் ஒரு விறகுப் போறணை வைத்திருக்கும் எவரும், பெப்ரவரியில் இரண்டு மணித்தியாலத்தில் சூடேறிய அதே போறணை இப்போது நான்கு மணித்தியாலமாகியும் கறுத்த முகத்தோடு நிற்பதைப் பார்த்து, முதலில் குளிரைத்தான் குற்றம் சொல்வார். ஆனால் அந்த இரு மாதங்களுக்கும் இடையே காற்றின் வெப்பநிலையில் உள்ள வேறுபாடு சில பாகைதான். முந்நூறு பாகைக்கு ஏற வேண்டிய செங்கல்லுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. போறணையைத் தாமதிக்க வைப்பது செங்கல்லுக்குள்ளும் மண்ணுக்குள்ளும் விறகுக்குள்ளும் ஒளிந்திருக்கும் தண்ணீர். அந்தத் தண்ணீர் எவ்வளவு வெப்பத்தைத் தின்கிறது என்பது விளங்கிவிட்டால், மழைக்காலத்தில் பாண் சுடுவதற்குச் செய்ய வேண்டியவையும் தாமாகவே விளங்கிவிடும்.

முதலில் போறணை என்றால் என்ன என்பதைப் பார்ப்போம். 'பாண்' என்ற சொல்லைப் போலவே 'போறணை'யும் போர்த்துக்கேயரிடமிருந்து நமக்கு வந்தது. மின்சார அடுப்பிலும் எரிவாயு அடுப்பிலும் பண்டம் வேகும் நேரம் முழுவதும் வெப்பம் வந்துகொண்டே இருக்கும். விறகுப் போறணையில் அப்படியில்லை. உள்ளே நெருப்பை மூட்டி, செங்கல் சூட்டைக் குடித்து முடித்த பிறகு, தணலையும் சாம்பலையும் வெளியே வாரிவிட்டு, தரையைத் துடைத்து, அதன் பின்னரே பாணை உள்ளே தள்ளி வாயை மூடுகிறோம். பாணைச் சுடுவது செங்கல் சேமித்து வைத்திருக்கும் வெப்பம். அடுப்பு அணைந்து வெகுநேரமான பின்பும் பூனை அடுப்படிச் சுவரோடு ஒட்டிப் படுத்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சேமிப்பைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இந்தச் சேமிப்பை எண்ணில் பார்ப்பது பயன் தரும். ஒரு கிலோ செங்கல்லின் வெப்பநிலையை ஒரு பாகை உயர்த்துவதற்கு ஏறத்தாழ 0.85 கிலோ யூல் வெப்பம் வேண்டும். வீட்டுப் போறணை ஒன்றின் உட்சுவரும் தரையும் சேர்ந்து 300 கிலோ எடை என்றும், அதை 300 பாகை செல்சியஸ் உயர்த்த வேண்டும் என்றும் வைத்துக்கொண்டால், ஏறத்தாழ 77 மெகா யூல் வெப்பம் தேவைப்படும். காய்ந்த விறகு கிலோவுக்குச் சுமார் 15 மெகா யூல் தருகிறது. ஆனால் அதில் பெரும்பகுதி வாய் வழியே புகையோடு போய்விடும். மூன்றில் ஒரு பங்கு செங்கல்லில் சேர்கிறது என்று கொண்டால், பதினைந்து கிலோ விறகு போதும்.

இப்போது தண்ணீரைக் கணக்கில் சேர்ப்போம். ஒரு கிலோ தண்ணீரை, அதாவது ஒரு லீற்றரை, மலைநாட்டுக் குளிரிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோக ஏறத்தாழ 350 கிலோ யூல் செலவாகும். அதோடு முடிந்தால் நல்லது, முடிவதில்லை. கொதிநிலையில் நிற்கும் அதே தண்ணீரை ஆவியாக்க இன்னும் ஏறத்தாழ 2,250 கிலோ யூல் கொடுக்க வேண்டும். வெப்பநிலை ஒரு பாகைகூட உயராமல் மறைந்துபோகும் இந்த வெப்பத்தைத்தான் பாடசாலை விஞ்ஞானத்தில் மறைவெப்பம் என்று படித்தோம். மொத்தத்தில் ஒரு லீற்றர் தண்ணீரை விரட்டச் செலவாகும் வெப்பத்தைக் கொண்டு பத்துக் கிலோ செங்கல்லை, கிட்டத்தட்ட நான்கு செங்கற்களை, பாண் சுடும் சூட்டுக்குக் கொண்டுவந்துவிடலாம். எனவே போறணையின் எடையில் பத்தில் ஒரு பங்கு தண்ணீராக இருந்தால், அதைச் சூடாக்கத் தேவையான வெப்பம் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. பத்தில் ஒரு பங்கு என்பது மிகைப்படுத்தல் அல்ல. நன்றாக நனைந்த சாதாரணச் செங்கல் அதைவிடக் கூடுதலாகவே நீரைக் குடிக்கும்.

இதில் ஏமாற்றும் பகுதி ஒன்று உண்டு. உள்முகம் நெருப்பை நேரே பார்ப்பதால் விரைவில் காய்ந்து சூடேறிவிடும்; ஆனால் இரண்டு மூன்று அங்குலம் உள்ளே ஈரம் இருக்கும் வரை அந்த இடம் தண்ணீரின் கொதிநிலையைத் தாண்டாது. மேலே தொட்டால் முந்நூறு, உள்ளே நூறுக்கும் கீழே. தணலை வாரியவுடன் அந்த மேற்பரப்புச் சூடு உள்ளே இறங்கிவிடுகிறது. பதினைந்து நிமிடத்தில் தரை ஆறிவிடுகிறது. பாணின் மேல்பக்கம் சிவந்து அடிப்பக்கம் வெளிறி நிற்கிறது. 'மாவில் கோளாறு' என்று அடுத்த முறை மாவை மாற்றிப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். நானும் மாற்றிப் பார்த்தவன்தான்.

ஈரம் செய்யும் இரண்டாவது திருட்டு மெதுவானது. வெப்பம் வெளியே போகாமலிருக்கப் போறணையின் மேல்வளைவுக்கு மேலே சாம்பலோ மணலோ உமி கலந்த மண்ணோ பரப்பியிருப்போம். சாம்பலும் உமி மண்ணும் வெப்பத்தைத் தடுப்பதற்குக் காரணம், துகள்களுக்கு இடையே அடைபட்டிருக்கும் காற்று. மழையில் அந்தக் காற்றின் இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்கிறது. தண்ணீரோ அசையாத காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும். ஆகவே நனைந்த சாம்பல், பாண் வேகும் நேரம் முழுவதும் செங்கல்லிலிருந்து சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

நனைந்த போறணையை அவசரப்பட்டுச் சூடாக்கினால் இன்னொரு கேடும் வரும். தண்ணீர் ஆவியாகும்போது ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல் பெருக்கிறது. மெல்ல ஆவியானால் செங்கல்லின் நுண்துளைகள் வழியே வெளியேறிவிடும். திடீரென்று ஆவியானால் வழி போதாமல் செங்கல்லின் முகத்தைப் பெயர்த்துக்கொண்டோ மண்பூச்சைப் பிளந்துகொண்டோ வெளியே வரும். ஒரு ஜூலை மாதம், பத்து நாள் அடைமழைக்குப் பிறகு, விருந்தாளிகள் வருகிறார்கள் என்பதற்காக எடுத்த எடுப்பிலேயே பெரிய நெருப்பைப் போட்டேன். அரை மணித்தியாலத்துக்குள் 'டப்' என்று ஒரு சத்தம். மேல்வளைவில் விரல் நுழையும் அளவுக்கு விழுந்த வெடிப்பை இன்றும் வருடத்துக்கு ஒருமுறை புற்றுமண் குழைத்து அடைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே முதல் வேலை போறணையை நனையாமல் வைப்பது. தினமும் எரியும் பேக்கரிப் போறணைக்கு இந்தக் கவலை இல்லை. நேற்றைய சூடு இன்றைய ஈரத்தை உள்ளே விடாது. வாரத்துக்கு ஒருமுறை எரியும் வீட்டுப் போறணைதான் இடையில் நீர் குடிக்கும். அதற்குத் தகரக் கூரை வேண்டும். அந்தக் கூரை போறணையின் சுவரைவிட எல்லாப் பக்கமும் குறைந்தது இரண்டு அடியாவது நீண்டிருக்க வேண்டும். ஏனென்றால் நம் மலைகளில் மழை நேராக விழுவதில்லை. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குக் காற்றோடு அது சாய்ந்தே வருகிறது. ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா போன்ற மேற்குச் சரிவுகளில் போறணையின் வாயைக் கிழக்கு நோக்கி வைப்பது நல்லது. பதுளை, பண்டாரவளைப் பக்கத்திலோ பெருமழை ஒக்டோபரில் தொடங்கி வடகீழ்ப் பருவக்காற்றோடு தொடர்வதால், அந்தக் கணக்கு தலைகீழாகிறது. கட்டுவதற்கு முன் ஒரு மழைக்காலம் முழுவதும் அந்த இடத்தில் காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று பார்த்துக்கொள்வதே எல்லா விதிகளிலும் மேலான விதி.

மேலிருந்து வரும் தண்ணீரை எல்லோரும் பார்க்கிறார்கள். கீழிருந்து ஏறும் தண்ணீரைப் பலர் மறந்துவிடுகிறார்கள். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதைப் போல, ஈர மண்ணிலிருந்து செங்கல்லுக்குள் நீர் ஏறும். போறணையை நேரே தரையில் கட்டாமல், இடுப்பளவு உயரக் கருங்கல் மேடையின் மேல் கட்டினால் இது பெருமளவு குறையும். மேடையின் அடியில், சூடு எட்டாத மட்டத்தில், தடித்த பொலித்தீன் விரிப்பு ஒன்றை இடுவது இன்னும் பாதுகாப்பு. சரிவான நிலமாக இருந்தால் மேல்பக்கத்தில் ஒரு கான் வெட்டி, வழிந்து வரும் நீரைச் சுற்றிக்கொண்டு போகவிட வேண்டும். தேயிலை மலையில் கான் எதற்கு வெட்டுகிறார்களோ, அதே காரணம்தான் இங்கும்.

மழைக்குப் பயந்து சிலர் மண் போறணையின் வெளிப்புறத்தில் சீமெந்து பூசிவிடுகிறார்கள், அல்லது நீர்புகா வர்ணம் அடிக்கிறார்கள். இது நோயைவிடக் கொடிய மருந்து. வெளியிலிருந்து நீர் புகாத பூச்சு, உள்ளிருந்து ஆவியையும் வெளியே விடாது. கூரை இருக்கும்போது, மூச்சுவிடக்கூடிய மண்பூச்சோ சுண்ணாம்புப் பூச்சோ போதுமானது. தறப்பாளைப் பற்றியும் இதையே சொல்ல வேண்டும்: சூடாக இருக்கும் போறணையின் மேல் அதை ஒட்டிப் போர்த்தினால், இரவு முழுவதும் வெளியேறும் ஆவி தறப்பாளின் உட்பக்கத்தில் வியர்த்து மறுபடியும் செங்கல் மீதே சொட்டும். கம்பு நட்டு, கைவைக்கும் இடைவெளி விட்டுக் கட்ட வேண்டும்.

சாரல் அடிக்கிறதென்று கொட்டகையின் நான்கு பக்கங்களையும் அடைத்துவிட்டு உள்ளே நின்று நெருப்பு எரிப்பது ஆபத்தானது. விறகும் தணலும் காபனோரொட்சைட்டு என்னும் வாயுவை வெளியிடுகின்றன. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, ஆளைக் கொல்லும் வலிமை மட்டும் உண்டு. காற்றடிக்கும் ஒரு பக்கத்தை அடைத்துக்கொண்டு, மற்றப் பக்கங்களைத் திறந்தே விட வேண்டும். வாயிலிருந்து எழும் தீநாக்கு எட்டும் தூரத்தில் மரச் சட்டங்களும் இருக்கக் கூடாது.

விறகுக்கு வருவோம். புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் ஏறத்தாழ பாதி தண்ணீராக இருக்கக்கூடும். அப்படிப்பட்ட பத்துக் கிலோ விறகில் ஐந்து கிலோ தண்ணீரை ஆவியாக்க 13 மெகா யூல் போகிறது. மீதி ஐந்து கிலோ, ஈரமே கலக்காத மரம் என்பதால் (முன்பு சொன்ன காய்ந்த விறகிலும் சிறிது ஈரம் இருக்கும்), தருவதோ 90 மெகா யூலுக்குச் சற்றுக் கூடுதல். அதாவது ஏழில் ஒரு பங்குதான் இழப்பு. 'இவ்வளவுதானா, கொஞ்சம் கூடுதலாகப் போட்டு எரித்துவிடலாமே' என்று இந்த இடத்தில் தோன்றும், எனக்கும் தோன்றியது. கணக்கு சரி, முடிவு தவறு. ஈர விறகு வெப்பத்தைக் குறைப்பதைவிடப் பெரிய கேடு, சுவாலையின் வெப்பநிலையைக் குறைப்பது. சுவாலை குளிர்ந்தால் மரத்திலிருந்து எழும் வாயுக்கள் எரியாமல் புகையாகவே வெளியே போகின்றன. எரிந்திருந்தால் அவைதான் வெப்பத்தின் பெரும்பகுதியைத் தந்திருக்கும். கண்ணைக் கரிக்கும் அந்த வெண்புகை, நாம் எரிக்காமலேயே வெளியே அனுப்பும் விறகு.

எனவே மழைக்காலத்துக்கான விறகை மழைக்கு முன்பே சேர்க்க வேண்டும் என்பது எல்லோரும் அறிந்ததே. மணிக்கட்டுத் தடிப்புக்கு மேல் இல்லாமல் பிளந்து, தரையில் படாமல் இரண்டு கட்டைகளின் மேல், பட்டை மேல்நோக்கி இருக்கும்படி, காற்று ஊடுருவ இடைவெளி விட்டு அடுக்கினால், மூடுபனியிலும் ஓரளவு காயும். தோட்டப் பகுதிகளில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு: கவ்வாத்து முடிந்த மலையிலிருந்து கிடைக்கும் மிலாறு, அதாவது வெட்டிப்போட்ட தேயிலைக் குச்சிகள். நன்றாகக் காய்ந்த மிலாறு விரைவாகப் பற்றி, உயர்ந்த சுவாலையோடு எரியும். நெருப்பைத் தொடங்குவதற்கு அதைவிட நல்ல பொருளை நான் கண்டதில்லை. ஆனால் அது விரைவில் முடிந்துவிடுமாகையால், மிலாற்றில் பற்றவைத்து, பின்னர் யூக்கலிப்டஸ், சவுக்கு போன்றவற்றின் தடித்த துண்டுகளுக்கு மாற வேண்டும். பைனஸ் பிசின் நிறைந்தது, கரியைக் கக்கும். வர்ணம் பூசிய பலகையையும் மருந்து ஏற்றிய மரத்தையும் உணவு சுடும் போறணைக்குள் விடவே கூடாது.

பல நாள் மழைக்குப் பிறகு பாண் சுட வேண்டுமானால், வேலை முதல் நாளே தொடங்குகிறது. முந்தின நாள் பிற்பகலில் கைப்பிடி அளவு நெருப்பை உள்ளே, நடுவில் மூட்டி, இரண்டு மூன்று மணித்தியாலம் அதை வளரவிடாமல் வைத்திருக்க வேண்டும். வாயை முழுவதும் மூடாமல் பாதி திறந்து வைப்பது ஆவி வெளியேறுவதற்காக. வெளிச்சுவரில் ஈரத் திட்டுகள் தோன்றும். சில வேளைகளில் மேல்வளைவிலிருந்து மெல்லிய ஆவி எழும். அதைப் பார்த்துக் கலங்க வேண்டாம், எதிர்பார்த்ததுதான் நடக்கிறது. மறுநாள் காலையில் கையை வெளிச்சுவரில் வைத்தால் இளஞ்சூடு இருக்கும். அதன் மேல் பெரிய நெருப்பை மூட்டினால், முந்தின நாள் செலவழித்த விறகைவிட இன்று மிச்சமாகும் விறகு அதிகம் என்பதை ஒருமுறை செய்து பார்த்தவர்கள் ஒப்புக்கொள்வார்கள்.

பெரிய நெருப்பு எரியத் தொடங்கியதும் மேல்வளைவின் உட்பக்கம் கரிபிடித்துக் கறுத்துப் போகும். செங்கல் நன்றாகச் சூடேறும்போது அந்தக் கரியே எரிந்து, உச்சியிலிருந்து கீழ்நோக்கிச் செங்கல்லின் நிறம் மறுபடி வெளுத்துத் தெரியும். ஈரமான இடங்களில் கறுப்பு கடைசி வரை நிற்கும். எந்தப் பக்கம் ஒழுக்கு இருக்கிறது என்று கண்டுபிடிக்கவும் இது உதவும். முழுவதும் வெளுத்த பின்பும் மழைக்காலத்தில் அரை மணித்தியாலம் கூடுதலாக எரிக்க வேண்டும். பிறகு தணலை வாரி, கம்பில் கட்டிய ஈரத்துணியால் தரையைத் துடைத்து, வாயை மூடி இருபது முப்பது நிமிடம் விட்டுவிட வேண்டும். இந்த இடைவேளையில்தான் மேற்பரப்புச் சூடு உள்ளே பரவிச் சமநிலைக்கு வருகிறது. இப்போது ஒரு சிட்டிகை மாவைத் தரையில் தூவினால் அரை நிமிடத்துக்குள் பழுப்பு நிறமாக வேண்டும். தூவியவுடன் கருகினால் இன்னும் பொறுக்க வேண்டும்; நெடுநேரம் வெள்ளையாகவே கிடந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது, மறுபடி நெருப்பிடுவதைத் தவிர வழியில்லை. வெப்பமானி இருந்தால் தரை 230 முதல் 250 பாகை செல்சியஸ் வரை காட்டும்போது பாணை வைக்கலாம்.

போறணை எப்போது தயாராகும் என்று மழைக்காலத்தில் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் மாவோ தன் நேரத்தில் பொங்கிவிடும். வெப்பமான ஊர்களில் இது பெரிய தலைவலி. மலைநாட்டில் குளிரே நமக்கு உதவிக்கு வருகிறது. நுவரெலியாவின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 16 பாகை. அந்தக் குளிரில் ஈஸ்ட் மிக மெதுவாகவே வேலை செய்யும். ஒரு கிலோ கோதுமை மாவுக்கு அரைத் தேக்கரண்டி உலர் ஈஸ்ட் மட்டும் இட்டு, முந்தின இரவே குழைத்து, மூடி வைத்துவிட்டால், காலையில் பக்குவத்துக்கு வந்திருக்கும். போறணை ஒரு மணித்தியாலம் தாமதித்தாலும் அது கெட்டுப்போகாது. அவசரமென்று அடுப்பருகே கொண்டுபோய் வைத்துச் சூடேற்றுபவர்கள் அந்தப் பொறுமையை வீணாக்குகிறார்கள் என்பது என் எண்ணம். மழைக்காலத்தில் மாவும் காற்றின் ஈரத்தைச் சிறிது உறிஞ்சியிருக்கும் என்பதால், வழக்கமான தண்ணீரில் இரண்டு மூன்று மேசைக்கரண்டியைப் பிடித்து வைத்துக்கொண்டு, குழைத்துப் பார்த்துத் தேவைப்பட்டால் மட்டும் சேர்ப்பது நல்லது.

கடைகளில் விற்கும் பாணைப் போல 450 கிராம் வர வேண்டுமானால், வேகும்போது ஆவியாகப் போவதையும் சேர்த்து, உருண்டை ஒன்று 500 கிராமுக்குச் சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும். உள்ளே வைத்ததும் வாயை இறுக மூடிவிட வேண்டும். மாவிலிருந்து எழும் ஆவி உள்ளேயே அடைபட்டு, மேல்தோல் உடனே இறுகிவிடாமல் பாண் நன்றாக எழும்ப இடம் கொடுக்கிறது. முதல் இருபது நிமிடம் திறந்து பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். முப்பது முதல் நாற்பது நிமிடத்தில் வெந்துவிடும்.

வெந்ததா என்று பார்க்கப் பாணின் நடுவில் வெப்பமானியைக் குத்திப் பார்ப்பவர்களுக்கு ஒரு செய்தி. கடல்மட்ட ஊர்களுக்காக எழுதப்பட்ட குறிப்புகள் பலவற்றில் 96 அல்லது 98 பாகை வர வேண்டும் என்று இருக்கும். ஆனால் 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் தண்ணீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. ஹட்டனில் ஏறத்தாழ 96 பாகை. ஈரம் நிறைந்த பாணின் உள்ளகம் அந்த ஊரின் கொதிநிலையைத் தாண்டிப் போகாது. நுவரெலியாவில் 98-க்காகக் காத்திருப்பவருக்குக் கிடைப்பது கரிந்த மேல்தோல்தான். 92, 93 வந்ததும், அடியைத் தட்டிப் பார்த்து வெற்றுப் பானையைப் போல ஒலித்தால், எடுத்துவிடலாம். உள்ளகம் சற்றுப் பிசுபிசுப்பாகத் தோன்றினால், வாயைக் கொஞ்சம் திறந்து வைத்து மேலும் ஐந்து பத்து நிமிடம் விட்டால் அந்த ஈரமும் வெளியேறும்.

மழை நாளில் மொறுமொறுப்பான தோல் நெடுநேரம் நிற்பதில்லை. காற்றிலுள்ள ஈரமும் பாணின் உள்ளீரமும் சேர்ந்து இரண்டு மூன்று மணித்தியாலத்தில் அதை மென்மையாக்கிவிடும். சூட்டோடு பொலித்தீன் பையில் இட்டால் அரை மணித்தியாலமே போதும். கம்பித் தட்டில், அடியிலும் காற்றுப் படும்படி ஆறவிட்டு, பிறகு துணியில் சுற்றி வைக்கலாம்.

பாணை எடுத்த பிறகும் போறணையில் நிறையச் சூடு மீதம் இருக்கும். அதில் பனிஸ் சுடலாம். அதற்கும் பின், தணல் ஒன்றுகூட உள்ளே இல்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டு, கையை உள்ளே நீட்டிப் பத்துவரை எண்ண முடிகிற அளவுக்குச் சூடு தணிந்ததும், அடுத்த வாரத்துக்கான பிளந்த விறகை உள்ளே அடுக்கி, ஆவி போக வாயை இரண்டு விரல் அளவு திறந்து வைத்து, இரவு முழுவதும் விட்டுவிடுவேன். காலையில் அந்த விறகை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று ஒலிக்கும், மழை விட்டிருக்காது.